தாமஸ் லிங்கனும் அவர் குடும்பமும்: ஓர் அமெரிக்க முன்னோடி விவசாயியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மரக்குடிசையில் பிறந்த ஏழை விவசாயியின் மகன்." ஆபிரகாம் லிங்கனைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த வரியிலேயே மகன் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார். அந்த விவசாயி அதோடு காணாமல் போய்விடுவார். எங்காவது மறுபடி வந்தாலும் சோம்பேறி, ஊர் ஊராக அலைந்தவர், மகன் படிப்புக்குக் குறுக்கே நின்றவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். நிலப் பத்திரம், வரிப் பட்டியல், நீதிமன்றப் பதிவு இவற்றை வைத்துப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். தாமஸ் லிங்கனைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

தாமஸ் லிங்கன் யார்?

அமெரிக்காவின் 16-வது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் அப்பா. 1778-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். கென்டக்கி, இந்தியானா, இல்லினாய் என்று மேற்கே நகர்ந்துகொண்டே போய், 1851 ஜனவரி 17 அன்று இல்லினாயில் 73-வது வயதில் காலமானார். தொழில் விவசாயம், கூடவே தச்சு வேலை. நல்ல உடற்கட்டு உள்ளவர், கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மகனிடம் நாடு முழுக்க ரசித்த அந்தக் கதை சொல்லும் திறமை அப்பாவிடமிருந்து வந்தது.

அவர் பிறக்கும்போதே ஏழையா?

இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இது. தாமஸின் அப்பா பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். படையில் கேப்டனாக இருந்தவர். பேரனுக்கு வைத்தது அவர் பெயர். வர்ஜீனியாவில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு 1780-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு கென்டக்கிக்கு வந்தார். அங்கே 5,000 ஏக்கருக்கும் மேல் நிலத்துக்கு உரிமை வாங்கி வைத்திருந்தார்.

1786 மே மாதம், இன்றைய லூயிவில் நகருக்கு அருகே, மகன்களோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடி வீரர் ஒருவர் சுட்டதில் அவர் அங்கேயே இறந்தார். மூத்த மகன் மார்டெகாய் துப்பாக்கி எடுக்க வீட்டுக்குள் ஓடினார். இரண்டாவது மகன் ஜோசையா பக்கத்துக் கோட்டைக்கு ஆள் கூப்பிட ஓடினார். எட்டு வயது தாமஸ் மட்டும் அப்பாவின் உடலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். சுட்டவர் சிறுவனை நெருங்கியபோது மார்டெகாய் உள்ளிருந்து குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தினார். குடும்பத்தில் தலைமுறை தாண்டிச் சொல்லப்பட்ட சம்பவம் இது. தன் மனதில் மிக ஆழமாகப் பதிந்த கதை இதுதான் என்று ஆபிரகாம் லிங்கனே எழுதியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் தாமஸின் தலையெழுத்தை மாற்றியது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய ஆங்கிலேயச் சட்டம் அங்கே நடைமுறையில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு தரும் புதிய சட்டத்தை வர்ஜீனியா 1785-லேயே நிறைவேற்றிவிட்டது. ஆனால் அது அமலுக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. அப்பா இறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்னால். அந்தச் சில மாத வித்தியாசத்தில் நிலம் மார்டெகாய்க்குப் போனது, கடைசி மகன் தாமஸ் வெறுங்கையோடு நின்றார்.

படித்தவரா?

கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான். 1860-ல் தேர்தலுக்காக எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பில் ஆபிரகாம் தன் அப்பாவைப் பற்றி, சிறு வயதிலேயே கூலி வேலைக்கு அலைந்த பையன், தட்டுத் தடுமாறித் தன் பெயரை எழுதுவதற்கு மேல் எதையும் எழுதியதில்லை என்று குறிப்பிடுகிறார். அந்த வரியில் பிள்ளைப் பாசம் அதிகம் இல்லைதான். ஆனால் அதே வாக்கியம் காரணத்தையும் சொல்கிறது: அப்பா சீக்கிரம் போனதும், அம்மாவின் வறுமையும்.

டென்னசியில் இருந்த சித்தப்பா ஐசக்கிடம் கொஞ்ச காலம் பண்ணை வேலை, பிறகு கென்டக்கியில் எலிசபெத்டவுன் பக்கம் கூலி வேலை, கூடவே தச்சுத் தொழில். இப்படிச் சேர்த்த பணத்தில் 25 வயதில், 1803-ல், மில் கிரீக் என்ற இடத்தில் 238 ஏக்கர் வாங்கினார். விலை 118 பவுண்டு. கையில் ஒன்றும் இல்லாமல் வளர்ந்த பையனுக்கு இது சாதாரணம் இல்லை.

மனைவி, பிள்ளைகள்?

1806 ஜூன் 12 அன்று நான்ஸி ஹாங்க்ஸை மணந்தார். நான்ஸிக்கு அப்போது 22 வயது. படிக்கத் தெரிந்தவர், தையல் நன்றாகச் செய்வார். 1807 பிப்ரவரியில் மூத்த மகள் சாரா பிறந்தார். 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம். அதற்குப் பிறகு அப்பா பெயரிலேயே தாமஸ் என்று ஒரு மகன், அது கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது.

கென்டக்கியில் மூன்று பண்ணைகள் இருந்தும் ஏன் எதுவும் நிலைக்கவில்லை?

தாமஸைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கென்டக்கியில் அரசு முதலில் நிலத்தை அளந்து எல்லை போட்டுவிட்டு விற்கவில்லை. முதலில் உரிமைச் சீட்டு. சீட்டு வாங்கியவரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் வைத்து அளந்து, பதிவு செய்துகொள்ள வேண்டும். "அந்த ஓக் மரத்திலிருந்து இந்த ஓடை வளைவு வரை, அங்கிருந்து அந்தப் பாறை வரை" என்றுதான் பத்திரத்தில் எல்லை எழுதுவார்கள். மரம் விழும், ஓடை திசை மாறும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். வில்லங்கம் பார்த்து வாங்கலாம் என்றால் பார்ப்பதற்கு ஒழுங்கான பதிவே கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியின் நிலை என்ன ஆகும்?

மில் கிரீக் நிலம் வாங்கும்போது 238 ஏக்கர். 1814-ல் விற்கும்போது அது 200 ஏக்கர்தான் என்று ஆனது. கிடைத்தது 100 பவுண்டு. அளவைப் பிழையில் 38 ஏக்கர் போயிற்று, பணத்தில் 18 பவுண்டு நஷ்டம்.

அடுத்தது சிங்கிங் ஸ்பிரிங். 1808 டிசம்பரில் 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். ஏறத்தாழ 300 ஏக்கர் என்று பத்திரம். மண் சுமார்தான், ஆனால் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. ஆபிரகாம் பிறந்த இடம் இதுதான். அந்த நிலத்தின் மீது முந்தைய உரிமையாளர் ஒருவரின் பழைய பாக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கைமாறி வந்த அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குப் போட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் நிலம் தாமஸின் கையை விட்டுப் போனது. பணம் கொடுத்து வாங்கியவர் அவர், தண்டனையும் அவருக்குத்தான்.

மூன்றாவது, நாப் கிரீக். 1811-ல் அங்கே போனார்கள். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு, வண்டல் மண். ஆபிரகாமுக்கு நினைவு தெரிந்த முதல் வீடு இதுதான். குடியரசுத் தலைவரான பிறகும் ஒரு சம்பவத்தைச் சொல்வார். ஏழு ஏக்கர் "பெரிய வயல்". மற்றவர்கள் மக்காச்சோளம் ஊன்ற, சின்னப் பையனான ஆபிரகாம் பின்னாலேயே போய், ஒரு குழி விட்டு ஒரு குழியில் இரண்டிரண்டாகப் பூசணி விதை போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கனமழை. பள்ளத்தாக்கில் ஒரு துளிகூட இல்லை. மேலிருந்து வந்த வெள்ளம் சோளம், பூசணி விதை, மேல்மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

மண்ணை மழை கொண்டுபோனால் மறுபடி விதைக்கலாம். ஆனால் பிலடெல்பியாவில் இருந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள், இந்தப் பள்ளத்தாக்கு உட்பட 10,000 ஏக்கர் தங்களுடையது என்று சொல்லிக் குடியிருந்தவர்களை வெளியேற்றக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல. முன்மாதிரி வழக்காக எடுத்துக்கொண்டது தாமஸின் வழக்கை. அதில் அவர் ஜெயித்தார் என்பது இன்னொரு வேதனை. தீர்ப்பு வந்தபோது அவர் கென்டக்கியிலேயே இல்லை.

அடிமை முறையும் ஒரு காரணம் என்கிறார்களே?

ஆம். கென்டக்கியை விட்டுப் போனதற்குக் காரணம் "ஓரளவு அடிமை முறை, முக்கியமாக நிலப் பத்திரச் சிக்கல்" என்று ஆபிரகாம் எழுதியிருக்கிறார். இந்த வரிசை முக்கியம். தாமஸும் நான்ஸியும் அடிமை முறையை எதிர்த்த பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். அது உண்மையான நம்பிக்கைதான். கூடவே பிழைப்பும் இருந்தது: சம்பளம் இல்லாமல் வேலை வாங்கும் பண்ணைக்காரர்களோடு, சொந்தக் கையை நம்பி உழுபவரும் கூலிக்குத் தச்சு வேலை செய்பவரும் போட்டி போட முடியாது. 1816-ல் இந்தியானா மாநிலமானபோது அதன் அரசியல் சட்டம் அடிமை முறையைத் தடை செய்தது. லிங்கன் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது அதே டிசம்பரில்.

இந்தியானாவில் நிலம் எப்படிக் கிடைத்தது?

இங்கேதான் தாமஸின் புத்திசாலித்தனம் தெரிகிறது. இந்தியானாவில் மத்திய அரசே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது. ஒரு சதுர மைல் ஒரு பிரிவு, அதாவது 640 ஏக்கர். அதில் கால்பாகம் 160 ஏக்கர். ஓடையும் மரமும் எல்லையாகக் காட்ட வேண்டியதில்லை, எண் சொன்னால் போதும். விற்பவர் அரசு. பழைய பாக்கியோ, தூரத்து வாரிசோ வந்து நிற்க வழியில்லை.

லிட்டில் பிஜன் கிரீக் ஓடைக்கு அருகே 160 ஏக்கரைத் தாமஸ் தேர்ந்தெடுத்தார். 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 16 டாலர் கட்டினார், டிசம்பரில் மேலும் 64 டாலர். ஏக்கர் 2 டாலர் கணக்கில் மொத்த விலை 320; கால்பங்கு முன்பணம் ஆயிற்று. மீதியைத் தவணையில் கட்ட வேண்டும். பிறகு நாடு முழுவதும் பணமுடை வந்து நிறையக் குடியேறிகள் தவணை கட்ட முடியாமல் திணறினார்கள். தாமஸ் பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதி 80 ஏக்கரைக் கடனில்லாமல் ஆக்கிக்கொண்டார். 1827-ல் அரசுப் பட்டா கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 49 வயது. யாரும் கேள்வி கேட்க முடியாத முதல் நிலப் பத்திரம் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. "அரசு நிலம்" என்றால் காலி நிலம் இல்லை. தெற்கு இந்தியானாவின் இந்தப் பகுதி, டெலவேர், பியாங்கஷா பழங்குடிகளிடமிருந்து 1804-ல் வின்சென்ஸ் ஒப்பந்தங்கள் மூலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கென்டக்கியில் தாமஸின் அப்பா உயிர் போனதற்குப் பின்னாலும் இதே நிலப் போராட்டம்தான் இருந்தது. தாமஸுக்குக் கிடைத்த தெளிவான பட்டா இன்னொருவர் இழந்த மண்ணின் மேல் எழுதப்பட்டது.

காட்டில் விவசாயத்தை எப்படித் தொடங்கினார்கள்?

அவர்கள் போய் இறங்கிய இடம் அடர்ந்த காடு. கரடிகள் நிறைய இருந்தன என்கிறார் ஆபிரகாம். ஒஹையோ ஆற்றைக் கடந்தபின் பல மைல் தூரம் வண்டிக்கு வழி வெட்டிக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. முதலில் மூன்று பக்கம் மட்டும் அடைத்த கொட்டகை, திறந்த பக்கத்தில் இரவு பகலாகத் தீ. இது உறவினர்கள் சொன்ன நினைவு. பிறகு மரத்தண்டுகளை அடுக்கி, இடுக்குகளைக் களிமண்ணால் பூசிய வீடு. தரை வெறும் மண். மேலே பரண். சுவரில் அடித்த முளைகளைப் பிடித்து ஏறிப் போய்ப் பிள்ளைகள் அங்கே படுப்பார்கள்.

காடு திருத்துவதற்கு எல்லா மரத்தையும் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. பெரிய மரங்களுக்கு அடியில் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே காய்ந்து இலை உதிரும், வெயில் தரைக்கு வரும். அந்த மொட்டை மரங்களுக்கு நடுவே முதல் வருடச் சோளம். பிறகு ஒவ்வொன்றாகச் சாய்த்து, அக்கம்பக்கத்தார் கூடி, கட்டைகளை உருட்டிக் குவித்து எரிப்பார்கள். இந்த வேலைக்குக் கூலி கிடையாது. இன்று உன் வயல், நாளை என் வயல்.

நல்ல மரங்களை ஆப்பு வைத்துப் பிளந்து நீளக் கழிகளாக்கி வேலி கட்டுவார்கள். வேலி பயிரைச் சுற்றித்தான். ஆடு மாடுகள் வெளியே அவிழ்த்து விடப்பட்டிருக்கும். பன்றிகள் காட்டில் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் அவற்றை அறுத்து, உப்புப் போட்டு, புகை காட்டி வைத்தால் ஒரு வருடத்துக்கான இறைச்சி. சாப்பாடு பெரும்பாலும் சோள ரொட்டி, பன்றி இறைச்சி, வேட்டையில் கிடைத்தது. ஆளி நாரும் ஆட்டு ரோமமும் சேர்த்துப் பெண்கள் வீட்டிலேயே நூற்று நெய்த துணிதான் உடை.

இந்தியானா வந்ததும் ஏழு வயது மகனின் கையில் கோடரி வந்துவிட்டது. 23 வயது நெருங்கும் வரை உழவு, அறுவடைக் காலம் தவிர அந்தக் கோடரி கையை விட்டு இறங்கவில்லை என்று ஆபிரகாம் எழுதினார். எட்டு வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, அப்பா வீட்டில் இல்லாத நேரம், சுவர் இடுக்கு வழியாக ஒரு காட்டு வான்கோழியைச் சுட்டார். அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய எந்த மிருகத்தையும் சுட்டதில்லை என்றும் அதே குறிப்பில் சொல்கிறார்.

நான்ஸி எப்படி இறந்தார்?

"பால் நோய்" என்று அவர்கள் அழைத்த நோயால், 1818 அக்டோபர் 5 அன்று. 34 வயது. ஒயிட் ஸ்நேக்ரூட் என்ற வெள்ளைப் பூச்செடி காட்டோர நிழலில் வளரும். கோடை முடிவில் புல் காய்ந்துபோகும்போது மாடுகள் இதை மேயும். இதிலுள்ள நச்சு பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடித்தவர்களுக்கு வாந்தி, நடுக்கம், பிறகு நினைவிழப்பு, சில நாட்களில் மரணம். காரணம் செடிதான் என்று விஞ்ஞானிகள் உறுதி செய்ததே 20-ம் நூற்றாண்டில்தான். காடு திருத்தி மாட்டுக்குப் போதுமான மேய்ச்சல் உண்டாக்காத புதுக் குடியேற்றங்களில்தான் இது அதிகம் தாக்கியது.

நான்ஸியை வளர்த்த சித்தியும் அவர் கணவர் தாமஸ் ஸ்பாரோவும் கென்டக்கியிலிருந்து வந்து பக்கத்திலேயே தங்கியிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு அவர்களும் இதே நோயில் போய்விட்டார்கள். எல்லாச் சவப்பெட்டிகளையும் அறுத்துச் செய்தது தாமஸ்தான். அம்மாவின் பெட்டிக்கு மர ஆணிகளைச் சீவிக் கொடுத்தது ஒன்பது வயது ஆபிரகாம் என்பது குடும்பத்தார் சொன்ன செய்தி. வீட்டு வேலை, சமையல் எல்லாம் 11 வயது சாராவின் தலையில் விழுந்தது.

இரண்டாம் கல்யாணம் பிள்ளைகளுக்குத் துன்பமாக இருந்ததா?

நேர்மாறு. 1819 டிசம்பர் 2 அன்று எலிசபெத்டவுனில் சாரா புஷ் ஜான்ஸ்டனை தாமஸ் மணந்தார். இருவருக்கும் பழைய பழக்கம். சாராவும் கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். அவருக்கிருந்த சில்லறைக் கடன்களை தாமஸ் முதலில் அடைத்தார், பிறகுதான் கல்யாணம். மேசை, நாற்காலி, படுக்கை, அலமாரி என்று ஒரு வண்டி நிறையச் சாமான்களோடு புது அம்மா இந்தியானா வந்து இறங்கினார். தாமஸை வைத்தே வீட்டுக்குப் பலகைத் தரை, ஒழுங்கான கதவு, ஜன்னல் போட வைத்தார். அழுக்கும் குளிருமாக இருந்த இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டித் துணி கொடுத்துத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் எலிசபெத், மட்டில்டா, ஜான் ஆகியோரோடு, ஸ்பாரோ வீட்டில் வளர்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸும் சேர்ந்து எட்டுப் பேர் அந்த ஒரே வீட்டில்.

இந்தச் சாராவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பையன் படிக்கிறான் என்றால் தொந்தரவு செய்ய விடமாட்டார். குடியரசுத் தலைவராகக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, 1861 ஜனவரி கடைசியில், குளிரில் பயணம் செய்து ஆபிரகாம் நேரில் போய் விடைபெற்றது இவரிடம்தான். 1869 வரை வாழ்ந்தார். மகனைவிட நான்கு ஆண்டு கூடுதலாக.

தாமஸ் சோம்பேறியா?

பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. 1814-ல் அவர் இருந்த கென்டக்கிப் பகுதியின் வரிப் பட்டியலில் 98 சொத்துக்காரர்கள். அதில் தாமஸ் 15-வது இடம். ஊர்ப் படையில் இருந்திருக்கிறார், நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறார். லிட்டில் பிஜன் கிரீக் பாப்டிஸ்ட் சபைக்குக் கோயில் கட்டியபோது மரவேலையில் முக்கியப் பங்கு அவருடையது. 1823-ல் அதே சபையில் உறுப்பினரானார். அவர் செய்த மூலை அலமாரிகள் இன்றும் இருக்கின்றன. ஒருமுறை அவற்றின் படத்தையாவது பாருங்கள். வால்நட், செர்ரி மரத்தில் இழைப்பும் இணைப்பும் அவ்வளவு சுத்தம். அவசரக் கையால் வருவதல்ல அது.

பிறகு சோம்பேறிப் பட்டம் எங்கிருந்து வந்தது? ஆபிரகாம் கொல்லப்பட்ட பிறகு அவரோடு வக்கீல் தொழில் செய்த வில்லியம் ஹெர்ண்டன் பழையவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார். விலைமதிப்பற்ற வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மகன் தியாகி. அடிமட்டத்திலிருந்து வந்தார் என்று காட்ட, அடிமட்டத்தை இன்னும் ஆழமாக்கிச் சொல்வது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதோடு பலரும் நினைவில் வைத்திருந்தது ஐம்பது வயதைத் தாண்டி ஓய்ந்துபோன தாமஸை.

சரி, குறையே இல்லையா? உண்டு. வீட்டுக்குப் போதுமானதை விளைவித்தால் சரி என்றிருந்தார். சந்தைக்கு விளைவித்துப் பெருக்கும் ஆசை அவரிடம் இல்லை. மகன் காலத்து அமெரிக்கா வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

21 வயது வரை மகன் சம்பாதிப்பது அப்பாவுக்குச் சொந்தம் என்பதுதான் அன்றைய சட்டம், வழக்கம். ஆபிரகாமை அண்டை அயல் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பி, கூலியை அப்பா வாங்கிக்கொண்டார். 1828-ல் நியூ ஆர்லியன்ஸுக்குச் சரக்குப் படகில் போனபோது மாதம் 8 டாலர் சம்பளம், அதுவும் வீட்டுக்கே. பள்ளிக்கூடம் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. "அப்பா எனக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுத்தார், அதை விரும்பக் கற்றுக்கொடுக்கவில்லை" என்று ஆபிரகாம் சொன்னதாக அந்தப் பகுதி விவசாயி ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பையனை அப்பா அதட்டியிருக்கலாம், அடித்தும் இருக்கலாம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எட்டு வாய்க்குச் சோறு போட வேண்டிய பண்ணையில் வாட்டசாட்டமான ஒரே சொந்த மகனின் உழைப்பு என்ன பெறுமதி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியானாவிலும் ஏன் தங்கவில்லை?

மகள் சாரா 1826-ல் பக்கத்து கிரிக்ஸ்பி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1828 ஜனவரியில் பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனார். அடுத்த ஆண்டே பால் நோய் மறுபடி வருகிறது என்ற பேச்சு. நான்ஸியைப் பறிகொடுத்தவருக்கு அந்தப் பேச்சு போதாதா? இல்லினாய் போயிருந்த உறவினர் ஜான் ஹாங்க்ஸ் அங்கே மண் நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். அத்தனை பாடுபட்டுப் பட்டா வாங்கிய 80 ஏக்கரை 125 டாலருக்கு விற்றுவிட்டு, 1830 மார்ச்சில் 13 பேர் எருது பூட்டிய வண்டிகளில் கிளம்பினார்கள். ஒரு வண்டியை ஓட்டியது ஆபிரகாம்.

டிகேட்டர் அருகே சங்கமோன் ஆற்றங்கரையில் வீடு கட்டி, 10 ஏக்கருக்கு வேலிக் கழிகள் பிளந்து, முதல் சோளம் எடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1860 தேர்தலில் "கழி பிளந்த வேட்பாளர்" என்று ஆபிரகாமைத் தூக்கிப் பிடித்தது அந்தக் கழிகளைக் காட்டித்தான். ஆனால் அந்த இலையுதிர் காலம் வீட்டில் எல்லோருக்கும் குளிர்காய்ச்சல். தொடர்ந்து வந்த குளிர்காலம், இல்லினாயில் தலைமுறைகள் பேசிய பெரும்பனிக் காலம். வசந்தம் வந்ததும் இந்தியானாவுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள், வழியில் கோல்ஸ் கவுண்டியில் நின்றுவிட்டார்கள். 22 வயதான ஆபிரகாம் குடும்பத்தை விட்டுத் தனியே போனது அப்போதுதான்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

கோல்ஸ் கவுண்டியில் சில இடம் மாறி, 1840-ல் கூஸ்நெஸ்ட் பிரெய்ரி என்ற இடத்தில் நிலைத்தார்கள். வீட்டில் இரண்டே அறை; வளர்ப்பு மகன் ஜான் ஜான்ஸ்டன் குடும்பமும் சேர்ந்து ஒரு கட்டத்தில் 18 பேர் வரை இருந்தார்கள். 1841-ல் ஆபிரகாம் 200 டாலர் கொடுத்து 40 ஏக்கரைத் தன் பெயருக்கு வாங்கி, அப்பாவும் சித்தியும் உயிருள்ளவரை அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார். அப்பா கையில் நிலம் தங்காது என்று மகனுக்குத் தெரிந்திருந்தது. 1848 டிசம்பரில் நிலம் ஏலத்துக்குப் போகாமல் தடுக்க 20 டாலர் வேண்டும் என்று கடிதம் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்த ஆபிரகாம் பணத்தை அனுப்பினார். நீதிமன்றம் தீர்ப்பளித்த கடன் ஒன்றை நீங்கள் மறந்தது விசித்திரமாக இருக்கிறது என்று ஒரு வரியும் எழுதினார்.

1851 ஜனவரியில் தாமஸ் படுத்த படுக்கை. மகன் வரவில்லை. ஆபிரகாமின் மனைவி மேரி பிரசவித்துச் சில வாரங்களே ஆகி உடல்நலம் குன்றியிருந்தது உண்மை. ஆனால் ஜனவரி 12 அன்று ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஆபிரகாம் உள்ளதைச் சொல்லிவிட்டார்: இப்போது நாங்கள் சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனைதான் அதிகமாக இருக்குமோ என்று சந்தேகம், அப்பா கடவுளை நம்பட்டும், அவர் கைவிடமாட்டார். ஐந்து நாளில் தாமஸ் போய்விட்டார். அடக்கத்துக்கும் மகன் போகவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்தக் கடிதம் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று தெரிவதில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1853 ஏப்ரலில் பிறந்த நான்காவது மகனுக்கு ஆபிரகாம் தாமஸ் என்று பெயர் வைத்தார். டாட் என்று செல்லமாக அழைக்கப்பட்டவர் அவர்தான்.

ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

1862 மே 20 அன்று அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டது ஆபிரகாம் லிங்கன். அரசு அளந்த 160 ஏக்கர் வரை எடுத்து, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால், சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தம். காலப்போக்கில் சுமார் 27 கோடி ஏக்கர் இந்த வழியில் கைமாறியது. அதிலும் பழங்குடிகள் இழந்தது ஏராளம். அப்பாவை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தெளிவான எல்லை, அரசே தரும் பட்டா, உழைப்பே விலை – இந்த மூன்றும் இல்லாததால் கென்டக்கியில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் என்று மட்டும் சொல்லலாம்.

தாமஸின் வம்சம் இன்று இருக்கிறதா?

இல்லை. மகள் சாராவின் குழந்தை பிழைக்கவில்லை, கடைசி மகன் சிசுவிலேயே இறந்தார். ஆபிரகாமின் நான்கு மகன்களில் ராபர்ட் மட்டுமே முழு வயது வாழ்ந்தார். அந்த வழியில் கடைசி வாரிசு, ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித், 1985 டிசம்பரில் காலமானார்.

இந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

கென்டக்கியில் ஹாட்ஜன்வில் அருகே சிங்கிங் ஸ்பிரிங்கும் நாப் கிரீக்கும் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. இந்தியானாவில் லிங்கன் சிறுவயது தேசிய நினைவிடம். நான்ஸியின் கல்லறை அங்கேதான். இல்லினாயில் லெர்னா ஊருக்கு அருகே லிங்கன் மரவீட்டுப் பண்ணை, மாநில அரசுடையது. அங்கே நிற்பது மறுபடி கட்டிய வீடு. அசல் வீட்டைப் பிரித்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு அது திரும்பவில்லை. பக்கத்திலேயே ஷைலோ கல்லறைத் தோட்டத்தில் தாமஸும் சாரா புஷ்ஷும் அடக்கம். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இந்தியானாவுக்குப் போங்கள். அந்தக் காலத்து முறையில் நடத்தப்படும் மாதிரிப் பண்ணை ஒன்று அங்கே உண்டு. மேலே சொன்ன கோடரி வேலை, வேலிக் கழி, நூற்பு எல்லாவற்றையும் பருவகாலத்தில் நேரில் பார்க்கலாம்.